ஊதாப் பூ வேண்டுவோருக்கு டிசம்பர் பூ இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்ற ஊதாநிறப் பூச்செடிகள் குறித்துத் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஆண்டுதோறும் விதை வாங்கி விதைக்கும் செடிகளைவிட, ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் நின்று பூக்கும் செடிகளே இன்றைய குடும்பங்களுக்கு உகந்தவை என்று அதில் கூறப்பட்டிருந்ததை முழுமனதுடன் ஏற்கிறேன். ஆனால் எடுத்துக்காட்டாகத் தரப்பட்ட லாவெண்டர், கேட்மின்ட் முதலியவை உதகையிலும் கொடைக்கானலிலும் நிற்கக்கூடியவையே தவிர, தங்கள் வாசகர்களில் பெரும்பாலோர் வாழும் சமவெளிக்கு ஒத்துவருபவை அல்ல. அந்தப் பட்டியலில் இடம்பெறாமல் போன, நம் ஊர் முற்றங்களில் இன்னமும் ஆங்காங்கே நின்றுகொண்டிருக்கிற டிசம்பர் பூச்செடியைப் பற்றி, பள்ளியில் தாவரவியல் கற்பித்தவள் என்ற முறையிலும் வீட்டில் அதை வளர்த்துவருபவள் என்ற முறையிலும் சில செய்திகளைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

லாவெண்டர் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த மலைச்சரிவுகளுக்கு உரியது. நீர் தங்காத சுண்ணாம்பு மண், மழையற்ற வறண்ட கோடை, நன்கு குளிரும் குளிர்காலம் ஆகியவற்றில் பழகிய செடி அது. நம் நாட்டில் அது செழித்திருப்பது ஜம்மு பகுதியில் தோடா மாவட்டத்தைச் சேர்ந்த பதேர்வா போன்ற மலையூர்களில்தான். அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் நறுமணப் பயிர்த் திட்டத்தால், மக்காச்சோளம் பயிரிட்டுவந்த உழவர்கள் பலர் அங்கே லாவெண்டருக்கு மாறி எண்ணெய் வடித்து விற்கிறார்கள். அதே செடியைச் சென்னையிலோ திருச்சியிலோ மொட்டைமாடித் தொட்டியில் வைத்தால், இரவிலும் தணியாத வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து அதை நலியச் செய்கின்றன. ஐப்பசி மழையில் வேர் அழுகுவதோடு கதை முடிந்துவிடுகிறது. குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் ஒரு செடியை வலிமையானது என்று பாராட்டும்போது அது உறைபனியைத் தாங்கும் ஆற்றலையே கருதுகிறார்கள். திருச்சியில் உறைபனி ஏது? இங்கே ஒரு செடி தாங்க வேண்டியவை சித்திரை வைகாசியின் 40 டிகிரி வெயில், அந்த வெயிலில் கொதிக்கும் தளத்தின் சூடு, வடகிழக்குப் பருவமழையின் ஓயாத ஈரம், வெளியூர் சென்ற வீட்டார் தண்ணீர் ஊற்றாமல் விட்டுவிடும் நாள்கள் ஆகியவை. இவை அனைத்தையும் தாங்கி, ஊதாநிறத்தில் பூக்கவும் செய்கிற செடி எது என்று கேட்டால் என் விடை டிசம்பர் பூ என்பதே.

தாவரவியலில் பார்லேரியா கிரிஸ்டேட்டா என்று வழங்கும் இச்செடிக்கு 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் பெயரிட்டார். பார்லேரியா என்பது பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாரெலியே என்ற பிரெஞ்சுத் துறவியும் தாவர ஆய்வாளருமானவரின் நினைவாக அமைந்த பெயர். செடியோ இந்தியாவுக்கும் மியான்மருக்கும் தென் சீனாவுக்கும் சொந்தமானது. கனகாம்பரம், ஆடாதொடை, நிலவேம்பு, நீர்முள்ளி ஆகியவை இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவையே ஊதாவாக்கும் நீலக்குறிஞ்சியும் இதே குடும்பந்தான். 2018இல் மூணாறில் குறிஞ்சி பூத்தபோது அதைக் காண ஆயிரக்கணக்கில் திரண்டோம். அடுத்த பெரும்பூப்புக்கு 2030 வரை காத்திருக்க வேண்டும். அதன் உறவுக்காரச் செடி ஒன்று ஆண்டு தவறாமல் நம் வாசலிலேயே பூப்பதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே தோன்றுகிறது.

மூன்று நான்கு அடி உயரத்துக்குப் புதராக வளரும் குறுஞ்செடி இது. இலையின் மேற்புறம் கரும்பச்சையாகவும் அடிப்புறம் வெளிறியும் இருக்கும். தொட்டால் சற்றுச் சொரசொரக்கும். கிளை நுனிகளிலும், இலை தண்டோடு சேரும் இலைக்கக்கங்களிலும், ஓரத்தில் மெல்லிய முள்போன்ற பற்கள் கொண்ட பச்சைப் புல்லி இதழ்களுக்கு நடுவிலிருந்து, ஏறத்தாழ இரண்டு அங்குல நீளமுள்ள புனல் வடிவப் பூக்கள் எட்டிப்பார்க்கும். ஊதாவே பெருவழக்கு என்றாலும், வெள்ளை, இளஞ்சிவப்பு, வெள்ளையில் ஊதாக் கோடிட்டது என்று வேறு வகைகளும் உண்டு. மணம் கிடையாது. மணமில்லாத பூவுக்கு நம் பெண்கள் இவ்வளவு இடம் கொடுத்ததற்கு அதன் நிறம் ஒரு காரணம் என்றால், அது பூக்கும் காலம் அதைவிடப் பெரிய காரணம்.

பனி இறங்கத் தொடங்கியதும் மல்லிகையின் விளைச்சல் சரிந்துவிடும். மார்கழியிலும் பொங்கலை ஒட்டியும் மதுரைப் பூச்சந்தையில் மல்லிகை கிலோ 1,000 ரூபாயைத் தாண்டி விற்பது ஆண்டுதோறும் தங்கள் நாளிதழிலேயே செய்தியாக வருகிறது. சந்தை கைவிடுகிற அந்த மாதங்களில்தான், கார்த்திகை தொடங்கி மாசி வரையில், டிசம்பர் பூ கொட்டிப் பூக்கிறது. பள்ளிக்கூடத்து மாணவியர் இருபுறப் பின்னலிலும் ஊதாச் சரத்தை வைத்துக்கொண்டு வந்ததும், எங்கள் வகுப்பறை மேசையின்மேல் ஆசிரியைக்கென்று இலையில் சுற்றிய ஒரு சிறு சரம் காத்திருந்ததும் வெறும் அழகுணர்ச்சியால் மட்டும் நிகழ்ந்தவை அல்ல. காசு கொடுத்து முழம் வாங்க இயலாத வீடுகளின் மார்கழிப் பூ அது. ஊதாவையும் வெள்ளையையும் மாற்றி மாற்றி வைத்து, நடுவில் மரிக்கொழுந்தைச் சேர்த்துக் கட்டினால் இல்லாத மணமும் வந்துவிடும். பூவின் குழல் மிக மெல்லியது என்பதால், தலையைப் பிடித்து இழுக்காமல் அடிக்குழலைப் பிடித்து மெதுவாக உருவிப் பறிக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் பறித்து, ஈரத்துணியில் வைத்திருந்து, நெருக்கமாகத் தொடுக்க வேண்டும். அப்படியும் மாலைக்குள் வாடிவிடும் என்பது இதன் குறை. கனகாம்பரத்தைப்போல் நாள்கணக்கில் நிற்காததாலும் பெட்டியில் அடைத்து வெளியூர் அனுப்ப முடியாததாலும் இது பெருஞ்சந்தைப் பூவாகாமல் வீட்டுப் பூவாகவே தங்கிவிட்டது.

நாற்றுப்பண்ணைகளில் இதைக் கேட்டால் பெரும்பாலும் கைவிரிக்கிறார்கள். பக்கத்து வீட்டில் குச்சி கேட்டு வாங்கி நடக்கூடிய செடியை யார் விலைகொடுத்து வாங்குவார்கள் என்று அவர்கள் எண்ணுவதில் நியாயம் இருக்கிறது. உண்மையில் இதைப் பெருக்குவதைப்போல் எளிய வேலை தோட்டத்தில் வேறில்லை. மிக இளசாகவும் இல்லாமல் முற்றிய கட்டையாகவும் இல்லாமல் இருக்கும் தண்டில், மூன்று நான்கு கணுக்கள் கொண்ட அரையடித் துண்டை, கடைசிக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டிக்கொள்ள வேண்டும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலைகளை மட்டும் விட்டு, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு மணல் கலந்த செம்மண்ணில் ஊன்றி நிழலில் வைத்துவிட்டால், மண் காயாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு பணி இல்லை. மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடித்துத் துளிர்விடும். மாசி பங்குனியில் கவாத்து செய்யும்போது, அதாவது கிளைகளை வெட்டிவிடும்போது, கிடைக்கும் தண்டுகளும், ஆடி மாதத்து இளந்தண்டுகளும் இதற்கு ஏற்றவை. விதையிலிருந்தும் வரும். முதிர்ந்து காய்ந்த காய் சட்டென்று வெடித்து, உள்ளிருக்கும் நான்கு விதைகளைத் தள்ளி எறிவதால், தாய்ச்செடியைச் சுற்றி மழைக்குப்பின் நாற்றுகள் தாமாகவே முளைத்திருக்கும். ஆனால் ஊதாவும் வெள்ளையும் அருகருகே நிற்கும் தோட்டத்தில் விதை நாற்று என்ன நிறத்தில் பூக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. குறிப்பிட்ட நிறந்தான் வேண்டும் என்பவர்கள் குச்சியையே நாடுவது நல்லது.

தரையில் நடுவோர் இரண்டு அடி இடைவெளி விட்டால் போதும். ஓரிரு ஆண்டுகளில் வேலிபோல் அடைத்துக்கொள்ளும். தொட்டியில் வளர்ப்போர் 12 அங்குலத்துக்குக் குறையாத அகலமும், அடியில் அடைபடாத துளைகளும் உள்ள தொட்டியைத் தேர்ந்து, இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் கலந்து நிரப்பலாம். தென்னை நார்க்கழிவை மட்டும் நிரப்பிய பைகளில் வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. கோடையில் அது விரைவில் காய்ந்தும் மழைக்காலத்தில் ஈரம் வடியாமலும் இரண்டு வகையிலும் தொல்லை தருகிறது. நாளுக்கு நான்கு ஐந்து மணி நேரமாவது நேர்வெயில் படும் இடம் வேண்டும். நிழலிலும் இச்செடி சாகாது. பச்சைப் பசேலென்று இலைவிட்டு, பூக்காமல் நின்றுகொண்டிருக்கும். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசி முதல் மார்கழிக்குள் பெய்துவிடுவதாலும், மொட்டு வைப்பதும் அதே காலத்தில் என்பதாலும், தொட்டிக்கு அடியில் வைக்கும் நீர்த்தட்டை அந்த மாதங்களில் எடுத்துவிடுவது அவசியம். வெயில் காலத்தில் இலைகள் துவண்டு தொங்கினால் பதற வேண்டியதில்லை. மாலையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் காலையில் நிமிர்ந்துவிடும்.

இச்செடி குறித்து என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையே சுற்றிவருகின்றன: செடி நன்றாக வளர்கிறது, ஏன் பூக்கவில்லை? இடம் நிழலாக இல்லாவிட்டால் விடை அநேகமாக எப்போதும் கத்தரிக்கோலில்தான் இருக்கிறது. அந்த ஆண்டில் வளர்ந்த புதுக் கிளைகளின் நுனிப் பகுதியில்தான் டிசம்பர் பூ மொட்டு வைக்கிறது. மாசிக் கடைசியில் பூ ஓய்ந்ததும் செடியைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குத் துணிந்து வெட்டிவிட்டால், கோடை மழையிலும் ஆடிக் காற்றிலும் எழும்பும் புதுக்கிளைகள் ஆவணி வரை வளர்ந்து முற்றி, ஐப்பசியில் மொட்டெடுக்கும். இடையில் ஆனியில் ஒருமுறை நுனிகளைக் கிள்ளிவிட்டால் பக்கக்கிளைகள் பெருகிப் பூவும் பெருகும். ஆவணிக்குப் பிறகு கத்தியையே நெருங்கவிடக் கூடாது. இந்த ஒன்றைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்போது புதர் மண்டிக் கிடக்கிறதே என்று வெட்டிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் பாம்பு வந்துவிடும் என்ற அச்சத்தில் வெட்டுகிறவர்களும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நிலை இன்னும் மோசம். எங்கள் தெருவுக்கு அடுத்துள்ள ஒரு குடியிருப்பில் சுற்றுச்சுவரை ஒட்டி நீளமாக இச்செடியை நட்டிருக்கிறார்கள். பராமரிப்பை ஏற்றிருக்கும் ஒப்பந்தக்காரர் மாதந்தோறும் ஆளனுப்பி, அளவெடுத்ததுபோல் சதுரமாக வெட்டிவிடுகிறார். ஆண்டு முழுவதும் அது ஒழுங்காக இருக்கிறது. மார்கழியிலும் ஒரு பூவைக்கூட அதில் காண முடிவதில்லை. வெட்டுவதற்குப் பணம் கொடுத்துப் பூவை இழக்கும் இந்த ஏற்பாட்டைக் குடியிருப்போர் சங்கங்கள் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

உரத்தைப் பொறுத்தவரை, கவாத்துக்குப் பிறகு ஒருமுறையும் ஆவணியில் ஒருமுறையும் இரண்டு கைப்பிடி மட்கிய எரு போதுமானது. கூடுதலாகத் தழைச்சத்து கொடுத்தால் இலைதான் மிஞ்சும். கோடையில் தண்டுக் கணுக்களில் மாவுப்பூச்சி அடைவதுண்டு. தொடக்கத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலை வேளையில் தெளித்தால் கட்டுப்படும். ஆடு மாடு தின்றாலும் அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

ஊதாநிறத்தை நாடிச் செல்வோர் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. மெக்சிகன் பெட்டூனியா என்ற பெயரில் நாற்றுப்பண்ணைகள் இன்று தாராளமாக விற்கும் ருவேலியா செடியும் இதே குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடிதான். நாள்தோறும் ஊதாப் பூக்களைச் சொரியும்; சேற்றிலும் வளரும், வறட்சியிலும் வளரும். அந்தக் குணமே அதன் ஆபத்து. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளிலிருந்து வந்த அச்செடி, அழகுக்காக நடப்பட்ட புளோரிடா மாநிலத்தில் நீர்நிலை ஓரங்களில் பரவி, ஆக்கிரமிப்புத் தாவரமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. வேர்த்தண்டாலும் விதையாலும் பரவும் அதைத் தொட்டிக்குள் வைத்திருப்பதில் தவறில்லை. வாய்க்கால் கரையிலும் ஏரிக்கரைப் பூங்காவிலும் வரிசை வரிசையாக நடுவதைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து. நடுநிலையோடு சொல்வதானால், டிசம்பர் பூவும் பிறந்த மண்ணைவிட்டுப் பசிபிக் தீவுகளுக்குப் போனபோது அங்கே களையாகவே பரவியிருக்கிறது. ஆனால் இது நம் மண்ணுக்கே உரிய செடி. இதை உண்ணும் உயிர்களும் இங்கேயே இருக்கின்றன. மஞ்சள் வசீகரன் என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுக்கள் நீர்முள்ளியையும் பார்லேரியா வகைகளையும் தின்று வளர்பவை. இலையில் ஓட்டை விழுந்ததைக் கண்டதும் மருந்தடிக்க ஓடாமல் சற்றுப் பொறுத்திருந்தால், சில வாரங்களில் அந்த ஓட்டைக்குக் காரணமானவர் இறக்கை முளைத்து அதே பூவில் தேன் குடிக்க வருவதைப் பார்க்கலாம். இலையை இழந்ததால் செடிக்குக் கேடு எதுவும் நேர்வதில்லை.

இந்த மடலை எழுதியதற்குக் காரணமான கோரிக்கைகளுக்கு வருகிறேன். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித்தோட்டத் தளைகள் எனப்படும் தொகுப்புகளில் காய்கறி விதைகளே முதன்மையாக இடம்பெறுகின்றன. மாநில தோட்டக்கலைப் பண்ணைகளில் டிசம்பர் பூ நாற்றுகளையும் நிறவாரியாக வளர்த்துக் குறைந்த விலைக்குக் கொடுத்தால், கேட்டு வாங்க அண்டைவீட்டுத் தோட்டம் இல்லாத நகரவாசிகளுக்கு அது பேருதவியாக இருக்கும். சென்னை செம்மொழிப் பூங்காவில் அண்மைக்காலமாக ஆண்டின் தொடக்கத்தில் நடைபெற்றுவரும் மலர்க் கண்காட்சிக்கு வருவோர் குளிர்ப்பகுதிப் பூக்களைக் கண்டு மகிழ்வதில் எனக்கு வருத்தமில்லை. கண்காட்சி முடிந்த பிறகும் சென்னை வெயிலில் நிற்கக்கூடிய, அதே வாரங்களில் தானாகவே பூத்திருக்கிற இச்செடிக்கும் அங்கே ஒரு வரிசை ஒதுக்கலாம் அல்லவா?

தங்களிடம் வேண்டுவது இன்னும் எளியது. தோட்டக்கலைக் குறிப்புகளை வெளியிடும்போது அவை மலைப்பகுதிக்கா, சமவெளிக்கா, கடலோரத்துக்கா என்பதை ஒரு வரியில் குறிப்பிடச் செய்யுங்கள். வசந்தத்தில் நடவும், இலையுதிர் காலத்தில் வெட்டவும் என்று பிறநாட்டுப் பருவங்களைச் சொல்லும் குறிப்புகளை விடுத்து, எந்தத் தமிழ் மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவோரைக் கேட்டு வாங்குங்கள். டிசம்பர் பூவைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை வெளியிட எண்ணமிருந்தால், அடுத்த ஆண்டு பூக்கும் வரை காத்திராமல் வரும் தை மாதத்துக்குள் அதை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மாசியில் கவாத்து செய்வோர் வெட்டிய தண்டுகளைக் குப்பையில் போடுவதற்கு முன், அந்தச் செடி இல்லாதவர்கள் வாசலில் வந்து கேட்டுவிட முடியும்.

தங்கள் உண்மையுள்ள,
வாசகி,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
திருவரங்கம்.